பூமுகத்தில் இப்போ யாரு? எங்கள் வீட்டைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பந்தியில், மீன் வாங்கும் இடத்தில், நடுராத்திரி போனில் என்று ஏழெட்டு வருஷமாக ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். இனி யாராவது கேட்டால் இதை நீட்டிவிட்டு நான் சாயா குடிக்கப் போவதாக உத்தேசம்.

முதலில் ஆள் கணக்கு. எனக்குப் பல ஆளுமை உண்டு. ஒரே உடம்பில் ஐந்து பேர். இதை எழுதும் நான். வரவு செலவு பார்க்கும் கணக்குப்பிள்ளை. ஆண், வயது ஐம்பது இருக்கும், யாரையும் நம்பமாட்டார். சுத்த சைவமான மாமி. யாராவது குரலை உயர்த்தினால் முன்னால் வந்து நிற்கும் சண்டியர். ஏழு வயதுக் குட்டி. இது உள்ளே. வெளியே, எனக்குத் தாலி கட்டிய அத்தான். குளச்சலில் விசைப்படகில் தொழிலுக்குப் போகும் ஒருவர். இவரும் எனக்குப் பிரியமானவர், வீட்டில் ‘கப்பல்காரர்’ என்று பெயர். அத்தானுக்குப் பிரியமான டீச்சர் ஒருவர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உள்ளே இருப்பது முதல் விஷயம், வெளியே இருப்பது இரண்டாவது; கேள்விகள் இந்த இரண்டைப் பற்றித்தான். சொந்தப் பெயர்கள் மட்டும் இங்கே வேண்டாம்.

நீ, நீரு, நீங்க: எப்படிக் கூப்பிடணும்?

தமிழ் இந்த விஷயத்தில் எங்களுக்குத் தாய்வீடு. ஒருத்தருக்கு மரியாதை கொடுக்கவே பன்மையில்தானே பேசுகிறோம்? ‘நீங்க’ என்று சொன்னால் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டாயிற்று. ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு சொல் இருப்பதும் பெரிய வசதி. உள்ளே கூட்டம் போட்டுப் பேசும்போது ‘நாம்’. வெளியே உங்களிடம் பேசும்போது ‘நாங்கள்’. கணக்குப்பிள்ளை மட்டும் யாரையும் சேர்த்துக்கொள்ளாமல் ‘நான்’ என்பார்.

நம்ம ஊர் ‘மக்கா’ இன்னும் ஒரு படி மேல். ஆணா பெண்ணா, சின்னதா பெரியதா, ஒருத்தரா கூட்டமா, அது எதையும் பார்க்காது. சந்தேகமாக இருந்தால் ‘என்ன மக்கா’ என்று ஆரம்பியுங்கள். யார் இருந்தாலும் திரும்பிப் பார்ப்போம்.

அந்த சினிமாவுல வருமே, அது மாதிரியா?

2005-ல் ஏப்ரலில் ‘சந்திரமுகி’, ஜூனில் ‘அந்நியன்’. அந்த இரண்டு மாதத்தில் தமிழ்நாடு முழுக்க மனநல டாக்டர் ஆகிவிட்டது. ஒன்றில் சலங்கை, இன்னொன்றில் தலைமுடி. அதற்குப் பிறகு நான் வாயைத் திறந்தாலே எதிரில் இருப்பவர் கண் என் தலைமுடிக்குத்தான் போகிறது.

நிஜத்தில் மாறுவது அவ்வளவு பெரிய சத்தமில்லை. பார்வை ஒரு நொடி எங்கோ போய் வரும், உட்காரும் விதம் மாறும், குரல் கொஞ்சம் ஏறும் இறங்கும். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே முடிந்துவிடும். பலருக்கு வருஷக்கணக்கில் தங்களுக்கே தெரிவதில்லை. ‘மறதி’ என்றே நினைத்திருப்பார்கள். கொலை, பழிவாங்கல் எல்லாம் கிடையாது. எங்கள் சண்டியர் இதுவரை செய்த உச்சபட்ச வன்முறை, ஒரு ஆட்டோக்காரரிடம் மீதி இருபது ரூபாயை வாங்காமல் இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்தது.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்பது வேறு நோய். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்களில் படித்தவர்களே அதிகம். எங்களுடையதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980-ல் ‘பல ஆளுமைக் கோளாறு’ என்று சேர்த்தது. 1994-ல் பெயரை மாற்றினார்கள். தமிழில் விலகல் அடையாளக் கோளாறு என்று சொல்லலாம். பெயர் மாற்றத்துக்குக் காரணம், ஒரு ஆளுக்குள் பல ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள் என்பதைவிட, ஒரே ஆளின் அடையாளம் ஒன்றாகச் சேராமல் நின்றுவிட்டது என்பதுதான் சரி என்று கருதியது. மாமியிடம் இதைச் சொன்னேன். “நான் சேராம நிக்கலை. நீங்கதான் மீன் திங்குதியோ” என்றாள்.

இது பெரும்பாலும் சின்ன வயதில், ஒரு குழந்தையால் தாங்கமுடியாதது திரும்பத் திரும்ப நடக்கும்போது வருவது. இந்த நோயைப் பற்றி மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு என்றாலும், சிகிச்சை கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது இதைத்தான். எனக்கு என்ன நடந்தது என்று இங்கே எழுதமாட்டேன். சிரிப்புக்கு வெளியே நிற்கும் அறை அது.

முப்பந்தல்ல கொண்டு போய் காட்டினியளா?

காட்டினார்கள். இசக்கியம்மன் முன்னால் நிறுத்தி, எலுமிச்சம்பழம் சுற்றி, கையில் கயிறு கட்டி, எல்லாம் ஆயிற்று. அம்மைக்கு அன்று மனசு ஆறியது. அதை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அங்கே போன பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைத்தது; ஆரல்வாய்மொழிக் காற்றாடிகளை எண்ணிக்கொண்டே போன ஞாபகம். எண்ணியது குட்டியாக இருக்கும்.

சாமியாட்டமும் இதுவும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவக் கையேடுகளே கோடு போட்டிருக்கின்றன. ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக, கோயில் கொடை விழா நேரத்தில் வந்து, முடிந்ததும் போய்விடுகிறது, ஆளுக்கும் அதனால் தொந்தரவு இல்லை என்றால் அது நோய் ஆகாது. எனக்கு அது கேட்காமல் வந்தது, வேலையைக் கெடுத்தது, நாள்களைத் தின்றது.

ஆனால் ஒரு மனவருத்தம் உண்டு. எங்கள் ஊரில் சாமியாடும் கோமரத்தாடி வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறார். மாலை, மரியாதை, வில்லுப்பாட்டு, ஊரே கும்பிடுகிறது. நான் ஒரு நாளைக்கு நாலு தடவை மாறுகிறேன். எனக்குக் கிடைப்பது கழுவாத பாத்திரம்.

மாறும்போது உங்களுக்குத் தெரியுமா?

சில நேரம் தெரியும், சில நேரம் தெரியாது. எங்கள் வீட்டில் இதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் முன்னால் பூமுகம் இருக்குமே, பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், வருகிறவர்களை வரவேற்கும் அந்த முன்மண்டபம். வெளியில் இருப்பவரிடம் பேசுவது யாரோ, அவர் பூமுகத்தில் இருக்கிறார். மற்றவர்கள் உள்ளே. சிலர் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பார்கள். அப்படியென்றால் நடந்தது ஞாபகம் இருக்கும். சிலர் பின்கட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் கிடையாது.

அத்தான் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பார்: “பூமுகத்துல இப்போ யாரு?” பதிலைப் பொறுத்து அவர் கையில் இருக்கும் பொட்டலம் வெளியே வரும் அல்லது பைக்குள்ளேயே இருக்கும். மீன்வறுவல் என்றால் மாமி போகும்வரை காத்திருப்பார்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரி என்பதால் இங்கே முக்கடல் உவமையை எதிர்பார்ப்பீர்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தடை. மூன்று கடல் ஒன்றாகச் சேருவது போல என்று யார் ஆரம்பித்தாலும் பத்து ரூபாய் அபராதம், உண்டியலில் போடவேண்டும். டீச்சர் மட்டும் இதுவரை நூற்றெழுபது ரூபாய் கட்டியிருக்கிறார். சுசீந்திரம் உவமைக்கு அபராதம் இல்லை. ஏனென்றால் அதைக் கண்டுபிடித்தது மாமி. “தாணு, மால், அயன் மூணு பேரும் ஒரே மூர்த்தியா இருக்காவ. இதுல நிஜம் யாருன்னு ஒருத்தன் அர்ச்சகர்ட்ட கேட்டிருக்கானா? எங்கிட்ட மட்டும் வந்து கேக்கான்.”

அன்றாடம் என்ன நடக்கும்?

மீனில் ஆரம்பிக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலை நான் போய்ச் சாளை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து மணிக்குச் சண்டியர் போய்க் கணவாய் வாங்கினார். மத்தியானம் கணக்குப்பிள்ளை, கடை சாத்தும் நேரத்தில் விலை குறைவு என்று மறுபடியும் சாளை, இரண்டு மடங்கு. மூன்று பேரும் ஒரே மீன்காரம்மாவிடம். அவர் பாவம், வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்து “எத்தன பேருக்கு மோளே சோறு?” என்று கேட்டாராம். சாயங்காலம் மாமி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அன்று எங்கள் தெருப் பூனைகளுக்குக் கொடை விழா. ராத்திரி எனக்குப் புளிமுளம் வைக்க ஆசை வந்தது. ஃப்ரிட்ஜில் ஒரு செதிள்கூட இல்லை. என் மேலேயே எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தின்றேன்.

பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சுசீந்திரம் பஸ்ஸில் கண்டக்டர் இலவச டிக்கெட்டை நீட்டியிருக்கிறார். பூமுகத்தில் கணக்குப்பிள்ளை. சேலை கட்டி, தோவாளைப் பிச்சிப்பூ வைத்து, “நான் ஆம்பிள. காசப் பிடியும்” என்று பத்து ரூபாயை நீட்டியிருக்கிறார். கண்டக்டர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “சில்லற இல்லம்மா, சும்மாவே வாங்க” என்றாராம். பின்சீட்டில் இருந்த பக்கத்து வீட்டு மைனி வந்து சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அன்றைய கணக்கு நோட்டில் ஒரு வரி: ‘பஸ் வகையில் மிச்சம் ரூ.10. சம்மதமின்றி.’

பேங்கு. ஐந்து பேருக்கும் ஐந்து கையெழுத்து. கணக்குப்பிள்ளையுடையது இடப்பக்கம் சாயும், மாமி பெயருக்கு முன்னால் பிள்ளையார் சுழி போடுவாள், குட்டி பென்சில் கேட்பாள். ஒரு பேங்கில் என்னை ஒரு மணி நேரம் நிற்கவைத்து, “இது உங்க கையெழுத்து இல்லியே” என்றார்கள். நான், “எங்க கையெழுத்துதான் சார்” என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை, ஆனாலும் காரியம் நடக்கவில்லை. இப்போது காசோலை கணக்குப்பிள்ளையின் இலாகா. அவர் வராவிட்டால் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கவேண்டியதுதான்.

இதற்கெல்லாம் நாங்கள் கண்டுபிடித்த மருந்து பழைய நாற்பது பக்க நோட்டு ஒன்று. அடுக்களையில் கயிற்றில் தொங்குகிறது. வாங்கியது, சாப்பிட்டது, மாத்திரை போட்டது, யாரிடம் சண்டை போட்டது, எல்லாம் எழுதவேண்டும். டாக்டரும் இதையே சொன்னார், ஆனால் எங்களுக்கு அதற்கு முன்பே மீன் சொல்லிவிட்டது.

எல்லா நாளும் இப்படிச் சிரிப்பாகப் போகாது. ஒருமுறை தக்கலைக்கு என்று பஸ் ஏறியவள் களியக்காவிளையில் நிற்கிறேன். இருட்டிவிட்டது, செருப்பில் ஒன்று இல்லை, இடையில் ஐந்து மணி நேரம் இல்லை. அதை இன்றுவரை யாராலும் தமாஷாகச் சொல்ல முடியவில்லை. நாங்களும் முயலவில்லை.

இது சிரிக்கிற விஷயமா?

நோயில் சிரிப்பு இல்லை. அதைச் சுற்றி நாங்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளில்தான் சிரிப்பு இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு பல் துலக்கும் பிரஷ் போதுமா என்ற விவாதம், குட்டிக்குச் சவ்வு மிட்டாய் வாங்கித் தந்துவிட்டு மாமி இனிப்பு குறைத்திருப்பதாகச் சுகர் டாக்டரிடம் சத்தியம் செய்வது, இவற்றில். கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி எங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். இந்த ஊரில் துக்க வீட்டுத் திண்ணையில்கூட யாராவது ஒருத்தர் மெல்ல ஒரு வார்த்தை போட்டுச் சிரிக்கவைப்பார். நாங்கள் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள்.

ஆனால் ஒரே நகைச்சுவை இரண்டு விதமாக விழும். அத்தான் ஒரு கல்யாண வீட்டில் நண்பர்களிடம், “ஒருத்தியத்தான் கட்டினேன், அஞ்சு பேருக்குச் சோறு போடுதேன்” என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். சண்டியர்கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் குட்டி சாப்பிடவில்லை. நோட்டில் கோணல் எழுத்தில் ‘நான் கொஞ்சமா சாப்புடுறேன்’ என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அத்தான் அடுக்களையில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தனித்தனியாக ஐந்து பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். கணக்குப்பிள்ளை மன்னிப்பை ஏற்று, தேதியோடு நோட்டில் பதிந்தார். குட்டிக்கு மூன்று வாரம் ஆனது. அதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம்: உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் கேட்டுச் சிரித்த பிறகுதான் ஒரு தமாஷ் வெளியே போகலாம். இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாம் அப்படித் தேறியவை. தேறாதவற்றில் இரண்டு நல்ல தமாஷ்கள் இருக்கின்றன. மாமி விடமாட்டேன் என்கிறாள்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். “எங்க, இப்ப மாறிக் காட்டுங்க” என்று கேட்காதீர்கள். நாங்கள் பேட்டரி போட்ட பொம்மை இல்லை. சண்டை நடக்கும்போது “இத யாரு சொல்லுதா, நீயா அவளா?” என்பதும் கூடாது. யார் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

அந்த ரெண்டாவது விஷயம்… அது ரெண்டு பொண்டாட்டி கதைதானே?

தேரூர்க் கவிமணி, சொத்து மருமகனுக்குப் போகும் பழைய முறையைக் கேலி செய்த மருமக்கள்வழி மான்மியத்தை, ஒரு காரணவருக்கு, அதாவது குடும்பத் தலைவருக்கு, ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் சொல்வதாகப் பாடினார். படிக்கிறவர் சிரித்து முடிக்கும்போது வயிறு எரியும். அந்த வீட்டில் ஐந்து பெண்களிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை. பழைய ‘ரெண்டு பொண்டாட்டி’க் கதை அதுதான்: ஒரு ஆள் முடிவெடுப்பார், மற்றவர்கள் அடுக்களையில் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள்.

எங்களுடையதைப் பாலிஅமரி என்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல். முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். கேரள எல்லையில் இருக்கும் விளவங்கோட்டுப் பக்கத்துத் தமிழ் மாதிரி பாதிப் பாதி. தமிழில் பலகாதல் என்று வைத்துக்கொள்ளலாம். விஷயம் இதுதான்: ஒன்றுக்கு மேற்பட்டவரிடம் பிரியம், சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் ஒப்புக்கொண்டு, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே விதி. தெரியாமல் நடந்தால் அதற்குப் பழைய பெயரே இருக்கிறது, புதுப்பெயர் வேண்டாம்.

போலீஸ் பிடிக்காதா?

கல்யாணம் ஒன்றுதான். கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது இன்னொரு கல்யாணம் செய்தால் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 494-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவு. ஏழு வருஷம் வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்துச் செய்தால் பத்து. மனம் ஒத்த பெரியவர்கள் சேர்ந்து வாழ்வது குற்றம் ஆகாது என்பது நடிகை குஷ்பு வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. கள்ளத்தொடர்பைக் குற்றமாக்கிய 497-ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27-ல் ரத்து செய்தார்கள். விவாகரத்துக்கு அது இன்றும் காரணம் ஆகலாம்.

குற்றம் இல்லை என்பதால் உரிமை வந்துவிடாது. கப்பல்காரருக்கு என் ரேஷன் கார்டில் இடமில்லை, சொத்தில் இடமில்லை. ஒரு இடத்தில் மட்டும் சட்டம் கைகொடுத்தது. 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, எனக்கு முடியாமல் போகும்போது என் சார்பில் பேச நான் விரும்பும் பெரியவர் யாரையும் நியமிக்கலாம். சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்று இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். நாங்கள் டீச்சரை நியமித்தோம். ஏனென்றால் நாலு பேரில் பதறாதவர் அவர்தான். கையெழுத்து ஐந்து, கைநாட்டு ஒன்று என்பதால் கைநாட்டே வைத்தோம். எம்.காம் படித்துவிட்டுக் கைநாட்டு வைத்த துக்கம் கணக்குப்பிள்ளைக்கு இன்னும் தீரவில்லை.

டீச்சர் உங்களுக்கு என்ன முறை?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி. தமிழில் எல்லாவற்றுக்கும் முறை உண்டு. கணவனின் இன்னொருத்தி என்றால் சக்களத்தி. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே கையில் உலக்கை வந்துவிடும். கொழுந்தன் மனைவி ஓரகத்தி. அதுவும் கொஞ்சம் உரசும். சகலை என்ற சொல்லில்தான் பகை இல்லை. ஒரே வீட்டில் பெண்ணெடுத்த இரண்டு ஆண்கள், கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒரே மாமனாரைப் பற்றிக் குறைசொல்லும் சினேகிதம் அது. டீச்சரும் நானும் செய்வது அச்சு அசல் அதையே. அத்தானின் குறட்டை, அத்தானின் ஈரத்துண்டு, அத்தான் சொன்னதையே சொல்லும் இலங்கை ரேடியோ கதை. ஆகவே நாங்கள் சகலைகள். அத்தானும் கப்பல்காரரும்கூட சகலைதான். இலக்கணம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

பொறாமையே வராதா?

வராமல் என்ன. ஆனால் எதிர்பார்த்த இடத்தில் வராது. அத்தான் டீச்சரோடு சினிமாவுக்குப் போனபோது ஒன்றும் தோன்றவில்லை. டீச்சருக்கு மட்டும் ஒரு குலை மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்தார் என்று தெரிந்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் போயிற்று. வாழைத்தோட்டத்துக்கு நடுவில் குடியிருந்துகொண்டு பழத்துக்காக அழுதவள் நான்தான்.

மாறாக, இன்னொருத்தரின் சந்தோஷத்தைப் பார்த்து நமக்கும் உள்ளே குளிர்வது ஒன்று இருக்கிறது. பலகாதல்காரர்கள் அதற்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நாங்கள் ‘பக்கத்து இலைப் பாயசம்’ என்கிறோம். பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பவனுக்குத் தன் இலைக்கும் வரும் என்ற எண்ணம் இருக்கத்தான் செய்யும். இருக்கட்டுமே. பிரதமன் எல்லாருக்கும்தானே காய்ச்சியிருக்கிறது.

நிஜமான நெருக்கடி பொறாமையால் வருவதில்லை. மீன்பிடித் தடைக்காலத்தால் வருகிறது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மற்ற மாதங்களில் எப்போதாவது தலைகாட்டும் கப்பல்காரர், ஜூன் 1-ந்தேதி காலை பையோடு வந்து நிற்பார். ஊரில் ஆடி வந்தால் புதுப்பெண்ணை மாப்பிள்ளையிடமிருந்து பிரிப்பார்கள். எங்களுக்கு அரசாங்கமே அனுப்பிவைக்கிறது. இரண்டு மாதம் அடுக்களையில் நடக்க இடமிருக்காது. வேலையில்லாத மீனவர் வீட்டில் உள்ள எல்லா ஃபேனையும் கழற்றி எண்ணெய் போடுவார். ஆகஸ்ட் 1-ல் அவரை வழியனுப்பும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர், அத்தானுக்கு முகத்தில் நிம்மதி. ஒரு வாரம் கழித்து, “அவன் எப்போடே வருவான்?” என்று முதலில் கேட்பதும் அத்தான்தான்.

டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் திருவிழா அன்று நாலு பேரும் ஒன்றாகப் போவோம். மாவட்டத்துக்கே லீவு, அதனால் மாவட்டமே அங்கே இருக்கும், யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள்.

உள்ளே இருக்கிற அஞ்சு பேருக்கும் எல்லாரையும் பிடிக்குமா?

இல்லை. மாமிக்கு இரண்டு ஆண்களும் சரியாகச் சாப்பிடாத பையன்கள், அவ்வளவுதான். கணக்குப்பிள்ளையும் கப்பல்காரரும் சீட்டுக் கூட்டாளிகள். டீசல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடியும். சண்டியர் அத்தானை நம்ப ஆறு வருஷம் ஆனது. குட்டிக்கு இந்த வீட்டில் எல்லாரும் பெரியவர்கள். அவள் இருக்கும் நேரத்தில் காதல் பேச்சுக்கு வீட்டிலேயே இடமில்லை. படம் வரைவது, கார்ட்டூன், தூக்கம்.

உடம்பு ஒன்று. அதனால் ஒருத்தர் வேண்டாம் என்றால் எல்லாருக்கும் வேண்டாம். இதில் ஓட்டெடுப்பு கிடையாது.

அம்மைக்குத் தெரியுமா?

முதலாவது தெரியும். இரண்டாவதைப் பற்றி அம்மை கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் முந்திரிக்கொத்து செய்து நாலு டப்பாவில் தனித்தனியாகக் கொடுத்துவிடுவாள்.

மாத்திரை உண்டா? அஞ்சும் ஒண்ணாயிருமா?

இதற்கென்று தனி மாத்திரை இல்லை. கூடவரும் மனச்சோர்வு, பயம், தூக்கமின்மைக்கு உண்டு. முக்கியமான சிகிச்சை பேச்சுதான், வருஷக்கணக்கில். முதலில் அன்றாடத்தை ஆபத்தில்லாமல் நிலைப்படுத்துவது, பிறகு பழைய ஞாபகங்களை மெல்லத் தொடுவது, அதற்குப் பிறகு ஒட்டி வாழ்வது. பிரான்சில் பியர் ஜானே என்ற மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட வழி இது, இன்றும் அதே மூன்று படிதான். அவசரப்பட்டு இரண்டாவது படிக்குத் தாவினால் ஆள் விழுந்துவிடுவார்.

எனக்கு நோய் இன்னதென்று தெரிய நாள் ஆனது. ஒரு டாக்டர், “சினிமா நிறைய பாப்பீங்களோ?” என்று கேட்டு, சத்து மாத்திரை எழுதினார். பலருக்கும் இப்படித்தான், நாலு வேறு பெயர் வைத்த பிறகே சரியான பெயர் கிடைக்கும்.

ஐந்தும் ஒன்றாவது சிலருக்கு நடக்கிறது. சிலர் சண்டையில்லாமல் கூடிவாழ்வதே போதும் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. இதற்காக உள்ளே ஒரு கூட்டம் போட்டோம். மாமி, “ஒண்ணாச் சேந்தா மீன் திங்கணுமா?” என்று கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

எனக்கும் இப்படி இருக்குமோன்னு சந்தேகம்.

வெளிநாடுகளில் பொதுமக்களிடம் நடத்திய ஆய்வுகளில் நூற்றுக்கு ஒருவர், ஒன்றரைப் பேர் என்று வந்திருக்கிறது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை, அதே நேரம் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு முடிவுகட்டவும் வேண்டாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வெளியே போக முடியாத ராத்திரி என்றால் டெலி மானஸ், 14416. எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. எங்கள் சண்டியர் முதல்முறை பேசியபோது அவர்களை விசாரணை செய்தார். பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தா என்ன வாங்கிட்டு வரணும்?

மட்டிப்பழம். ஒரு சீப்பு போதாது. சாயாவுக்குப் பழம்பொரி இருந்தாலும் சரி. கொண்டுவந்ததை என் கையில் கொடுத்துவிட்டு, அடுக்களை நோட்டில் எத்தனை பழம் என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். போன தடவை பன்னிரண்டு வந்தது. ராத்திரி எண்ணும்போது நாலு. நான் இரண்டுதான் தின்றேன். மற்ற நாலு பேரும் சத்தியம் செய்கிறார்கள்.